கம்பெனி பெயரில் சேமித்த எண்கள்

எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைவர் வந்திருந்தார், செயலாளர் வந்திருந்தார். ஓசூர் சிப்காட்டிலிருந்தும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் அறுபது பேருக்கு மேல் வந்திருந்தோம். பெங்களூரிலிருந்து ஒரு பேச்சாளரைக் கார் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். தொழில்முறை உறவுகளை வளர்ப்பது பற்றி அவர் பேசப்போகிறார் என்று வாசலில் பேனர். எங்களில் பாதிப் பேருடைய இயந்திரங்கள் நிற்காமல் ஓடக் காரணமான அக்கா மட்டும் வரவில்லை.

பதிவு மேசையில் செயலாளரிடம் கேட்டேன்.

"அக்கா வரலீங்களா சார்?"

"எந்த அக்கா? எந்த கம்பெனி?"

சொன்னேன்.

"அந்த யூனிட்டத்தான் மூடிட்டாங்களே தம்பி. மெம்பர்ஷிப் கம்பெனி பேர்லதான இருக்குது. கம்பெனியே இல்ல, அப்புறம் எப்படி மெம்பரு? குரூப்ல இருந்து அன்னைக்கே எடுத்துட்டேன்."

கடமையைச் சரியாகச் செய்தவரின் முகம் அவருக்கு. என் கையில் ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே பேனாவும் குறிப்பேடும் இருந்தன.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று சொல்ல வேண்டும். நான் பாரூர்ப் பக்கம். அப்பாவுக்குக் கரும்பைத் தெரியும், கரும்பாலை லாரிக்காரரைத் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு இன்ஜினியரைக்கூடத் தெரியாது. கல்லூரியில் என்னோடு படித்தவர்களுக்கு வேலையில் சந்தேகம் வந்தால் கேட்க ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருந்தார்கள். எனக்குச் சந்தா கட்டி வாங்கிய சொந்தம்தான் உண்டு. அதுதான் அந்தச் சங்கம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் யூனிட்டில் ஒரு மோல்டிங் மெஷின் நின்றுவிட்டது. சீனியர் லீவு. தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அக்கா மட்டும் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கிலீஷ விடு. பேனல்ல எந்த லைட்டு எரியுது, அத மட்டும் சொல்லு."

சொன்னேன். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டது என்றார். தன்னிடமிருந்த பழைய கார்டு ஒன்றைத் துணியில் சுற்றி ராயக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். உத்தனப்பள்ளி நிறுத்தத்தில் வாங்கிக்கொண்டேன். புதுசு வந்ததும் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன். அப்படி அவர் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பார் என்று அந்தக் கண்டக்டருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் செய்தார். பழைய இயந்திரங்களின் புரோகிராம் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை நம்பித்தான் இருக்கும். பேட்டரி செத்தால் புரோகிராம் அழிந்துவிடும், பிறகு அந்த இயந்திரம் வெறும் இரும்பு. அக்கா லீவு நாட்களில் ஒவ்வொரு யூனிட்டாகப் போய் அவற்றைத் தன் லேப்டாப்பில் நகல் எடுத்து வைத்தார். நீங்களும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். "உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம், அதுதான் பத்திரம்" என்றோம். தலைவரும் அப்படித்தான் சொன்னார். அந்த லேப்டாப் அவருடைய கம்பெனியுடையது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேடையில் பேச்சாளர் உறவு என்பது முதலீடு என்றார். நான் எழுந்தேன்.

"சார், வேலை போனவங்கள சங்கத்த விட்டு எடுத்துட்டா அது என்னா உறவுங்க சார்?"

தலைவர் மைக்கை வாங்கினார். "நல்ல கேள்வி. டீக்கு அப்புறம் பேசிக்கலாம்."

பின்வரிசை நண்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருப்பா. உங்க மேனேஜர் மூணாவது வரிசையில இருக்கறாரு, பாக்கலியா?"

டீக்குப் பிறகு யாரும் எதையும் பேசவில்லை.

வெளியே வந்து அக்காவின் எண்ணை அழைத்தேன். கர்நாடகத்தில் இருக்கும் அவர்களுடைய ஹெட் ஆபீசிலிருந்து ஒரு பையன் எடுத்தான். "அவ்ரு பிட்டு ஹோத்ரு சார்" என்றான், வேலையை விட்டுப் போய்விட்டாராம். சிம்மும் கம்பெனியுடையதுதான். அக்கா அதை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார், எங்கள் எல்லோருடைய எண்களும் அதோடு போய்விட்டன. நானும் ஒன்றும் யோக்கியனில்லை. மூன்று வருடமாக அவரைக் கம்பெனியின் பெயரைப் போட்டுத்தான் போனில் வைத்திருந்தேன். சொந்த எண் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கண்டக்டரிடம் இருந்தது.

"இவ்ளோ பெரிய சங்கம் வெச்சிருக்கீங்க, நம்பருக்கு எங்கிட்ட வர்றீங்களா? எம்பொண்ணு பிளஸ் ஒன்ல என்னா குரூப்பு எடுக்கறதுன்னு அவங்கதான் சொன்னாங்க. உங்க குரூப்பு மாதிரி இல்ல சார் அது." சிரித்துக்கொண்டே எண்ணைச் சொன்னார்.

அக்கா சலிப்பில்லாமல்தான் பேசினார். "மூடறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே குரூப்ல இருந்து என்னை எடுத்துட்டாங்க தம்பி. எனக்கு இன்னும் நாலு நாள் டூட்டி இருந்துச்சு. செயலாளர் ஆபீசுக்குப் போன் பண்ணி, ஒரு மெசேஜ் போடுங்க சார்னு கேட்டேன். எனக்கு வேலை வேணும், அது ஒன்னு. எல்லாரோட புரோகிராமும் எங்கிட்ட இருக்குது, லேப்டாப்ப ஒப்படைக்கறதுக்குள்ள பென்டிரைவோட வாங்கன்னு ஒன்னு. வேலை கேக்கறதெல்லாம் குரூப்ல போடறதில்லமான்னு வெச்சிட்டாரு. ரெண்டாவத சொல்லவே விடல. அந்த நாலு நாளும் மெஷினுங்கள கழட்டி ஏத்தறதுலயே போயிடுச்சு, ஒவ்வொருத்தரா கூப்பிட முடியல."

"இப்ப லேப்டாப்பு?"

"வாங்கன அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க."

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக் கடன் பாதியில். அவருக்கு வேலை தேவை என்று நானே குரூப்பில் எழுதினேன். பத்து நிமிடத்தில் செயலாளர் அழித்தார். அதற்கு மேலே யாருக்கோ பிறந்தநாள் கேக் படம் அப்படியே இருந்தது. அறுபது பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். அவர் யாருக்கெல்லாம் கார்டு அனுப்பினாரோ அவர்களிடமிருந்தும் கட்டைவிரல்தான் வந்தது. பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்ல நீளமாக எழுதத் தெரிந்தவர்கள் இவர்கள். சங்கம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. என்னைப் போன்றவனுக்கு அதைவிட்டால் வேறு எதுவும் இல்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

இரண்டரை மாதம் கழித்து அக்காவுக்குக் கர்நாடகத்தில் மாலூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. அவர் வழக்கமாக ஃபியூஸ் வாங்கும் எலக்ட்ரிக்கல் கடைக்காரர், ஒரு கன்னடக்காரர், சொல்லி வாங்கிக் கொடுத்தார். சம்பளம் குறைவு. காலை ஐந்தரைக்கு வண்டி ஏற வேண்டும்.

அடுத்த மாதம் தலைவரின் ஃபேக்டரியில் பெரிய பிரஸ் மெஷின் நின்றது. பேட்டரி செத்திருந்தது. தலைவரே என்னை அழைத்தார்.

"தம்பி, அந்தம்மா நம்பர் உங்கிட்ட இருக்குதாமே."

"இருக்குதுங்க சார். கேட்டுட்டுத் தர்றேன்."

கேட்டேன். தாராளமாகக் கொடு என்றார் அக்கா. தலைவரிடம் அவரே பேசினார். நகல் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும், யாருக்குப் போன் பண்ணினார் என்பதையும் சொன்னாராம். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, இதைப் புதிதாகத்தான் எழுத வேண்டும், பழைய வரைபடம் இருந்தால் தேடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரைபடம் கிடைக்கவில்லை. புனேயிலிருந்து ஆள் வந்தார். பிரஸ் ஓட ஒன்பது நாள் ஆனது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அதை ஒரு கஷ்டகாலமாக விவரித்தார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கணக்கை மட்டும் சொன்னார். புரோகிராம் எழுதிய கூலி, விமான டிக்கெட், லாட்ஜ், சரக்கு தாமதத்துக்கு வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டது எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.