நானூற்றுப் பதினேழாம் மரம்

சித்தியைப் பார்த்து யாராவது "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டால் அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள்: "காட்டைப் பத்தி எழுதறா. காட்டுக்குப் படிக்கத் தெரியாது, அதான் ஒரே பிரச்சினை." பதினொரு வருடமாகச் சித்திக்கு இந்தக் கிண்டல் பிடிக்கவில்லை. அம்மாவும் பதினொரு வருடமாக நிறுத்தவில்லை.

எந்தப் பத்திரிகையிலும் சித்திக்கு நாற்காலி கிடையாது. அவளே போய்ப் பார்த்து, அவளே படம் எடுத்து, அவளே எழுதி, பிறகு ஒவ்வோர் ஆசிரியராகப் போனில் பிடித்துக் கெஞ்ச வேண்டும். எங்கள் வீட்டில் துணி காயப்போடும் அறைதான் அவள் அலுவலகம். மேலே கொடியில் ஈரப் போர்வை, கீழே மேசை, லேப்டாப், பைனாகுலர், சேறு காயாத பூட்ஸ். மழை மாதங்களில் எழுதிக்கொண்டிருக்கும்போதே காகிதத்தில் சொட்டு விழும். "படிக்கறவன் அழணும்னு எழுதறேன், போர்வை முந்திக்குது" என்பாள்.

ஆசிரியர்களுக்குச் சிறுத்தை பிடிக்கும். ஊருக்குள் வந்த சிறுத்தை மட்டும். தன் பாட்டுக்குக் காட்டிலேயே கிடக்கும் சிறுத்தையை ஒருவரும் சீண்டமாட்டார்கள்.

"யாரையாவது கடிச்சுதா மேடம்?"

"இல்ல சார். ரோட்டை அகலப்படுத்தினா அது தண்ணிக்குப் போற வழி போயிடும். அதைத்தான் எழுதியிருக்கேன்."

"அப்படியா. கடிச்சதும் கூப்பிடுங்க."

பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்ட புதிதில், வீட்டில் பொழுது போகாமல், நானே ஒருநாள் கட்டைக் குரலில் ஆசிரியர் மாதிரி அவளுக்குப் போன் செய்தேன். "உங்க கட்டுரையை எடுத்துக்கறோம்மா, ஞாயித்துக்கிழமை முழுப் பக்கம்." அடுத்த அறையிலிருந்து "ரொம்ப நன்றி சார்" என்று கேட்டது. அந்தக் குரலைக் கேட்டபிறகு, பேசியது நான்தான் என்று சொல்ல எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அதோடு அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

போன வருடம் முழுக்க அவள் அலைந்தது அந்தச் சாலையின் பின்னால்தான். காட்டுக்கு நடுவே போகும் சாலையை அகலப்படுத்த, வெட்டப்போகும் மரங்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருந்தார்கள். அரசாங்க அறிக்கையில் முந்நூற்று நாற்பது மரங்கள். சித்தி நான்கு நாள் நடந்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. இதில் துப்பறிய ஒன்றுமில்லை. கடைசி மரத்தில் 612 என்று அவர்களே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அப்படியும் ஒரு பத்திரிகையும் கட்டுரையைத் தொடவில்லை.

417 என்று போட்டிருந்த மரத்தில் இருவாச்சிக் கூடு இருந்தது. இந்தப் பறவையின் குடித்தனம் ஒரு மாதிரியானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலைச் சேறு வைத்துப் பூசிக்கொள்ளும். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். குஞ்சு வளரும்வரை ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். ஆண் பயந்து ஒதுங்கிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பட்டினி.

குஞ்சு பறக்கும்வரை அந்த மரத்தில் கைவைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் கூடு இருப்பதாக யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும், மரத்தின் எண்ணோடு. சித்தியின் தொழிலிலோ வேறொரு விதி: எந்தக் கூடு எங்கே இருக்கிறது என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. பதினொரு வருடமாக அதைக் காப்பாற்றியவள், மூன்று நாள் யோசித்துவிட்டு, வன அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள்.

அந்த அலுவலகத்தில் வரும் மனுக்களையெல்லாம் இணையத்தில் போட்டுவிடுவார்கள், பொதுமக்கள் பார்வைக்காக. அப்படிப் போடச் சொல்லி இரண்டு வருடத்துக்கு முன் கட்டுரை எழுதியது சாட்சாத் சித்தியேதான். அவள் எழுதி ஒரு விஷயம் நடந்தது என்றால் அது இது ஒன்றுதான்.

ஞாயிறு காலை அவள் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு நானும் போனேன். மரத்தடியில் பதினொரு பேர், ஆளுக்கொரு பீரங்கி மாதிரி கேமரா. ஒருத்தர் போனில் இருவாச்சிக் குரலை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஆண் பறவை தொண்டை நிறையப் பழத்தோடு தூரத்து மரத்தில் உட்கார்ந்திருந்தது. கிட்டே வரவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் போங்க சார், அது கூட்டுக்கு வரணும்" என்றாள் சித்தி.

"வரட்டும்னுதான் மேடம் நாங்களும் நிக்கறோம்."

"நீங்க நிக்கறதாலதான் வரல."

"நாங்களும் இயற்கை ஆர்வலர்தான் மேடம்" என்றார் குரல் ஓடவிட்டவர், மனம் புண்பட்டவராக.

இரண்டு மணி நேரம் கெஞ்சினோம். பறவை பழத்தோடு திரும்பிப் போனது. வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல், அந்தப் படக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் சித்தி மூன்று வரி எழுதினாள்: 417 கூடு காலி. பெண் பறவை வெளியேறிவிட்டது. நானே பார்த்தேன்.

உடனே நம்பினார்கள். பதினொரு வருடத்தில் அவள் ஒரு பொய் எழுதியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மறுநாள் பீரங்கிகள் எல்லாம் ஏதோ ஒரு ஏரிக்கு மீன்கொத்தியைத் தேடிப் போய்விட்டன. ஆண் பறவை கூட்டுக்கு வந்தது. என்னோடு வம்பிழுக்கும் அளவுக்குச் சித்திக்கு உற்சாகம்.

செவ்வாய்க்கிழமை வன அதிகாரி போன் செய்தார். சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கூடு காலின்னு குரூப்ல போட்டிருந்தீங்களாமே. எங்க கிளார்க்கும் அதுல இருக்கார். எங்களுக்கும் நிம்மதியாப் போச்சு மேடம். வியாழக்கிழமை அந்த வரிசையை வெட்டிடறோம்."

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"போட்டது பொய்னு எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே?"

"குடுத்தா நான் எண்ணின அறுநூத்துப் பன்னெண்டும் பொய்னு சொல்லிடுவாங்கக்கா."

"இப்போ மட்டும் எவன்டி நம்பிக் கிழிச்சான்?"

"இப்போ படிக்காம இருக்காங்க. படிச்சுட்டு நம்பாம இருக்கறது வேற."

அம்மா ஒரு துண்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடியும் நாலாக மடித்தாள்.

புதன்கிழமை பத்து மணிக்குச் சித்தி கடிதத்தோடு வன அலுவலகத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். கடிதத்தை நான் படித்திருந்தேன். "கூட்டம் சேர்வதைத் தடுக்க நான் பொய்யான தகவலை வெளியிட்டேன்" என்று நேராகவே எழுதியிருந்தாள். கூடவே, இதுவரை யாரும் வாங்கிக்கொள்ளாத மரக் கணக்கையும் எண் வாரியாக இணைத்திருந்தாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"மொதல்ல இருக்குன்னீங்க. அப்புறம் இல்லன்னீங்க. இப்போ இருக்குங்கறீங்க. நான் எதை ஃபைல்ல போடறது?"

"ஆளை அனுப்பிப் பாருங்க சார்."

"அனுப்பறேன். அது என் வேலை." மரக் கணக்கைப் புரட்டினார். "இதுவும் அந்த மாதிரி எழுதினதா மேடம்?"

எனக்கு அந்த மேசை மேலிருந்த மை டப்பாவை அவர் சட்டையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. நான் திருந்தியதாக நினைக்க வேண்டாம், மூடி இறுக்கமாக இருந்தது.

வனக்காவலர் ஒருவர் போய் மூன்று மணி நேரம் புதருக்குள் உட்கார்ந்து பார்த்தார். ஆண் பறவை வந்து பதினாலு பழம் ஊட்டியதாம். "கூடு பயன்பாட்டில் உள்ளது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியால் 417 நின்றது.

மற்றவை நிற்கவில்லை. வியாழன் காலையிலேயே ரம்பங்கள் வந்துவிட்டன. மரக் கணக்கு, அதிகாரி மேசையில் எந்தக் கட்டின் அடியில் போனதோ தெரியாது. சிறுத்தை ஆசிரியரும் போன் செய்தார். "குரூப் விவகாரம் கேள்விப்பட்டேன். கொஞ்ச நாள் போகட்டும் மேடம்" என்றார். அவள் கொடுத்த எதையுமே அவர் போட்டதில்லை. இப்போது போடாமலிருக்க ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் நாங்கள் பார்க்கப் போனோம். இரண்டு பக்கமும் அடிமரங்கள், நடுவில் 417 தனியாக, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி. கான்ட்ராக்டர் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சித்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்காரர்தான்.

"மேடம், இந்த ஒரு மரத்துக்காக மெஷினை வாடகைக்கு நிறுத்தி வெச்சிருக்கேன். அந்தக் குஞ்சு எப்போ பறக்கும்? உங்களுக்குத்தான் தெரியும்."

சித்தி மரத்தைப் பார்த்தாள். ஆண் பறவை கீறலில் மூக்கை நுழைத்து ஒவ்வொரு பழமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் நாப்பது நாள் ஆகும்" என்றாள்.

அவர் தேதிகளை எண்ணிக்கொண்டு போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

ஸ்கூட்டர் வரைக்கும்தான் என்னால் பொறுக்க முடிந்தது. "நூறுன்னு சொல்லியிருக்கலாம்ல சித்தி. அந்த ஆளுக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். உதைத்தாள், வண்டி கிளம்பவில்லை. இன்னொரு தடவை உதைத்தாள்.

"நான் சொன்னதும் வட்டம் போட்டார், பாத்தியா? திருப்பி ஒரு கேள்வி கேக்கல" என்றாள்.