முதுகில் ஒட்டிய சோதனை

எனக்கு நெஞ்சில் அரிப்பு வந்தபோது, அதை யாரிடமும் காட்ட முடியாததுதான் பாதிக் கஷ்டம். தோல் சிவந்து தடித்துவிடும், சொறிந்தால் நீர் கசியும். திருத்தங்கலில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ஆண் என்பதால் கழுத்தோரம் லேசாகச் சிவந்திருந்ததை மட்டும் காட்டிவிட்டு வந்தேன். அவர் தந்த களிம்பைத் தடவினால் அடங்கும், விட்டால் திரும்ப வரும்.

பட்டாசுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது என் வேலை. தீபாவளி லீவில் வீட்டில் இருந்தபோது அரிப்பு குறைந்தது, வேலைக்குப் போனதும் கூடியது. பட்டாசு மருந்துத் தூசிதான் காரணம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"ஒடம்புக்கு ஒத்துக்கிடலைன்னா நின்னுக்கோங்கம்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நாங்கல்ல பதில் சொல்லணும்," என்றார் போர்மேன். மகனும் அதையே சொன்னான். அஞ்சாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேரோடு உட்கார்ந்து சிரிக்க எனக்கு அந்த இடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. அதுவும் போய்விடுமே என்று இருந்தது.

கம்பெனியில் என் பக்கத்தில் உட்காருகிறவர் என் சம்பந்தியம்மா, மருமகளைப் பெற்றவர். அவர் முன்னால் சத்தமாகத் தும்மக்கூட எனக்குக் கூச்சம். அவருக்கு அதெல்லாம் கிடையாது.

"மதினி, நீங்க வாயத் தெறக்க மாட்டீக. நானே வாரேன், கெளம்புங்க," என்று என்னை பஸ் ஏற்றி, விருதுநகரில் தோல் வியாதி பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

என்ன செய்கிறது என்று டாக்டரம்மா கேட்டதற்கு நான் தலை குனிந்துகொண்டேன். "நெஞ்சுல அரிப்பும்மா. நா இருந்தாக் காட்ட மாட்டாக. நா செவுத்தப் பாத்து நின்னுக்கிடுதேன்," என்று சம்பந்தியம்மா திரும்பி நின்றுகொண்டார்.

டாக்டரம்மா நெஞ்சைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தார். "தூசி படுற கையில ஒண்ணுமே இல்ல. மூடியிருக்கிற நெஞ்சுல மட்டும் எப்படிம்மா?" என்றார். அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

நோயிலிருந்து நம்மைக் காக்கிற சக்தியே சில சமயம் ஆள் தெரியாமல் நம் மேலேயே பாய்ந்துவிடுமாம். அதில் நாலு வகை என்றார். இறால் தின்றதும் உதடு வீங்கி மூச்சு முட்டுவது முதல் வகை.

"எந் தங்கச்சிக்கு அப்படித்தாம்மா!" என்று சுவரிடமிருந்து குரல் வந்தது.

டாக்டரம்மா சிரித்தார். ரத்த அணுக்களையே அழிப்பது ஒன்று, மூட்டிலும் கிட்னியிலும் போய்ப் படிவது ஒன்று என்றார். எனக்கு இருப்பது நாலாவது என்று நினைத்தார். அது உடனே காட்டிக்கொடுக்காதாம். பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பொங்குமாம். அதனால்தான் எதனால் வந்தது என்று ஆளுக்கு ஆள் தப்பாகச் சொல்கிறார்கள். அதற்கு ஊசி குத்திப் பார்க்கும் சோதனை உதவாது, ஒட்டித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள் தடவிய சின்னப் பிளாஸ்திரித் துண்டுகளை என் முதுகில் வரிசை வரிசையாக ஒட்டினார்கள். கம்பெனியிலிருந்து நாங்கள் கொண்டுபோன லேபிள் பசையும் அதில் ஒன்று. இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வேர்க்கவும் கூடாது. பெண் கொடுத்த சம்பந்தியம்மாவே அந்த இரண்டு நாளும் என் வீட்டுக்கு வந்து, சோறு பொங்கி, ஈரத்துணியால் என் கைகால் துடைத்துவிட்டார். பார்க்க வந்த கம்பெனிப் பெண்களிடம், "மதினிக்கே லேபிள் ஒட்டியாச்சு, இனி லோடு ஏத்த வேண்டியதுதான்," என்று சொல்ல, வீடே சிரித்தது.

துண்டுகளை எடுத்துப் பார்த்தபோதும், அடுத்த தடவை போய்க் காட்டியபோதும், பசைக்கோ பட்டாசு மருந்தில் சேரும் உப்புக்கோ ஒரு அடையாளமும் இல்லை. ஒரே ஒரு இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அது நிக்கல். மலிவான உலோகச் சாமான்களில் இருக்குமாம்.

"நெஞ்சுல எந்த உலோகம் படுது?" என்றார் டாக்டரம்மா.

நான் தாலிச் சங்கிலியை வெளியே எடுத்தேன். அதில் ஒரு கொத்து ஊக்கு தொங்கியது. சேலை குத்த, முள் எடுக்க, பாவாடைக்கு நாடா கோக்க, யார் கேட்டாலும் கழற்றிக் கொடுக்கிற ஊக்குகள்.

"ஊக்கா? கல்யாணம் ஆன நாள்லயிருந்து மாட்டிக்கிட்டுத்தானம்மா அலையுறோம்! இப்ப என்ன வந்துச்சு?" என்றார் சம்பந்தியம்மா.

"வருசக்கணக்கா ஒடம்பு சும்மா இருக்கும். ஒரு நாள் வேண்டாம்னு முடிவு பண்ணிரும். அப்புறம் மறக்காது," என்றார் டாக்டரம்மா. ஃபேன் இல்லாத ஷெட்டில் வழிகிற வேர்வை ஊக்கிலிருந்து நிக்கலைக் கரைத்திருக்கிறது. வீட்டில் அவ்வளவு வேர்க்காததால்தான் லீவில் குறைந்திருக்கிறது. அங்கேயே சம்பந்தியம்மா ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

புண் ஆறிய பிறகு வேலைக்குப் போனேன். "டாக்டர் என்ன சொன்னாக?" என்று போர்மேன் கேட்டார்.

"பட்டாசு மருந்தால இல்லீங்க. ஊக்கால," என்றேன்.

"ஊக்கா?"

"எந்த ஊக்கு, எங்கன கெடந்த ஊக்குன்னெல்லாம் கேக்காதீக. ஆளு நல்லா இருக்காக, வேலையக் குடுங்க," என்றார் சம்பந்தியம்மா.

போர்மேன் சிரித்துக்கொண்டே லேபிள் கட்டை எடுத்துக் கொடுத்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருக்கிறவருக்கு இன்றுவரை வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. கூச்சம். எழுதிவிட்டேன், மருமகள் அவளுடைய அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும்.