வெள்ளைப் பூ வந்த பிறகு சேர்ந்தவர்

நன்றாக இருக்கிற மனுஷனிடம் போய், "உனக்கு நோய் வரும், இங்கே கையெழுத்துப் போடு" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். அடுத்தவரிடம் பாரம் நிரப்பி வாங்கிப் பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். சங்ககிரிக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவில் ஒரு நூல் மில். அதில் நான் ஆபீஸ் கிளார்க். திடீரென்று முதலாளிக்கு நல்ல மனசு வந்து, தொழிலாளிகளுக்கெல்லாம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் என்றார். சம்பளத்தில் ஒரு பைசா பிடித்தம் கிடையாது, மில்லே கட்டிவிடும். வருஷா வருஷம் சித்திரை மாதத்தில் பெயர் கொடுக்க வேண்டும். அதை விட்டால் தாமத மனு, டாக்டர் சர்டிபிகேட், இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் என்று அலைய வேண்டும். அலைகிறவன் தொழிலாளி இல்லை, நான்தான்.

முதல் சித்திரை

இலவசம் என்றால் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்தேன். என் நோட்டைக் கண்டதுமே ஆளாளுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மில்லுக்கே தெரியும். கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

நூல் சுற்றும் பிரிவில் செல்லம்மா என்று ஒரு அம்மா. அவரிடம் அரை மணி நேரம் தொண்டை வறள விளக்கினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில் என் நோட்டை மெதுவாக மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "என்ற ஊட்டுல எல்லாரும் நல்லாருக்கறாங்க சார். நீங்க பேரெழுதி என்னத்தையாச்சும் இழுத்து உட்றாதீங்க."

பூக் கேட்டவர்

அடுத்த சித்திரைக்குள் செல்லம்மா உட்பட எல்லோரும் ஒரு வழியாகச் சேர்ந்துவிட்டார்கள். பாக்கி ஒரே ஒருவர், மாரப்பன். குடோனில் லாரியிலிருந்து பேல் என்கிற பெரிய பஞ்சுப் பொதிகளை இறக்குகிற ஆறு பேரில் ஒருவர். அவருக்கு என்மேல் பயமும் இல்லை, இன்சூரன்ஸ்மேல் சந்தேகமும் இல்லை. குலதெய்வத்திடம் பூக் கேட்டிருந்தார், அவ்வளவுதான். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டு சித்திரையும் மாரப்பனுக்குச் சிவப்பு.

அந்த வருஷம் ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளைப் பூ வந்துவிட்டதாம், பேர் எழுதிக்கொள்ளச் சொன்னார். சித்திரை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. இப்போது மட்டும் ஏன் கேட்டீர்கள் என்றேன். தொடை இடுக்கில் ஒரு மாதமாக வீக்கம், பேலைத் தூக்கினால் வெளியே வருகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது என்றார். குடலிறக்கம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் சாமி போன வருஷமே வெள்ளையைக் கொடுத்திருந்தால் இந்நேரம் ஆபரேஷனே முடிந்திருக்குமே என்று கத்திவிட்டேன்.

அவர் கொஞ்சமும் முகம் வாடவில்லை. "அப்ப எனக்கு ஒண்ணுமில்லீங்களே சார். இல்லாத நோவுக்குச் சாமி எதுக்குங்க பூக் குடுக்கும்?"

பாரத்தில் ஒரு கேள்வி

தாமத மனுவில் ஒரு பொல்லாத கேள்வி உண்டு. 'தற்போது ஏதேனும் நோய் உள்ளதா?' ஆமாம் என்று எழுதினால் கம்பெனி அந்த நோயைத் தள்ளிவைத்துவிடும். இல்லை என்று எழுதிவிட்டால், டாக்டர் நாடி பிடித்து, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இடுக்கு வரைக்கும் போய்ப் பார்க்க மாட்டார். நான் பேனாவை எடுத்து, இல்லை என்று போட்டுக்கட்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று நானும் சில இடங்களில் அப்படிப் போட்டவன்தான்.

மாரப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேல் தூக்கிக் காய்த்துப்போன கை. "வெள்ளைப் பூ வாங்கிட்டு வந்து பொய்யெழுதுனா, அந்தப் பூவுக்கு என்னங்க சார் மரியாதை?"

ஐந்து பேர்

கம்பெனி பதில் போட்டது. பெயர் சேர்த்தாயிற்று, குடலிறக்கத்துக்கு மட்டும் ஒரு வருஷம் கழித்துத்தான். அதற்குள் கனம் தூக்கினால் குடல் சிக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். தூக்கவில்லையென்றால் வேலை இல்லை. சேலம் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகவே செய்வார்கள், போங்கள் என்று மாரப்பனிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சாமி பூக் கொடுத்தது இந்த இன்சூரன்ஸ் அட்டைக்குத்தான், காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மனசு கேட்காமல் அடுத்த லாரி வந்த அன்றைக்குக் குடோனுக்குப் போனேன். மாரப்பன் கீழே உட்கார்ந்து பேலைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது வேறொருவர் தோள் கொடுத்தார். அதற்கடுத்த முறை இன்னொருவர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆறு பேர் இறக்குகிற லோடை ஐந்து பேர் இறக்கி முடித்தார்கள். ஒரே வீட்டில் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் முழுக்க முடியுமா என்று அவர்களுடைய மேஸ்திரி சின்னுசாமியிடம் கேட்டேன். மேனேஜர் காதுக்கு எட்டினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவுனுக்குப் பூ வருமா வருமான்னு ரெண்டு சித்திரையா நாங்களுந்தானுங்க காத்துக்கிட்டிருந்தம். இந்த ஒரு வருசம் என்னங்க பெருசு? நீங்க மட்டும் பாக்காத மாதிரி போயிருங்க."

நான் பார்க்கவே இல்லை.

என்னுடைய பாரம்

வருஷம் முடிந்த வாரமே சேலத்தில் மாரப்பனுக்கு ஆபரேஷன் ஆனது. நல்லபடியாகப் பிழைத்து எழுந்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் பீரோவைத் திறந்து என் சொந்தப் பாரத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் சித்திரையில், முதல் ஆளாக நான் நிரப்பியது. 'தற்போது ஏதேனும் நோய் உள்ளதா?' என்ற இடத்தில் முத்துமுத்தான எழுத்தில் 'இல்லை'. அன்றைக்கே என் சட்டைப் பையில் பிரஷர் மாத்திரை இருந்தது. வெட்கமாகிவிட்டது. திருத்தம் எழுதி அனுப்பினேன். திருத்தம் வந்த தேதியிலிருந்து புதிதாய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும், பிரஷருக்கு ஒரு வருஷம் கிடையாது என்று மாரப்பனுக்கு எழுதிய அதே வாசகத்தில் பதில் வந்தது.

மாரப்பன் வேலைக்குத் திரும்பிய அன்று அட்டையைக் காட்டிவிட்டுப் போக வந்தார். வாசலில் மற்ற ஐந்து பேரும் நின்றிருந்தார்கள். என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை, விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மாரப்பன் வாசலில் நின்ற ஐந்து பேரையும் திரும்பிப் பார்த்தார்.

"பேலுன்னா ஆளுக்கொண்ணாத் தூக்கிருவமுங்க சார். உங்க பிரசரை எப்படீங்க தூக்கறது? ஒண்ணு பண்றமுங்க. உங்களுக்குக் கோவம் வராத மாதிரி, கேட்ட எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டர்றம். ஒரு வருசந்தானுங்க."

இப்படியாக, மில்லில் அத்தனை பேரையும் சேர்த்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நான்தான், அந்த மில்லிலேயே கடைசியாகத் தாமதமாகச் சேர்ந்தவன்.