மூன்று தடவை அலசிய பாட்டில்

எங்கள் காலனிக்குச் செயலாளராக இருக்க நாற்பது வீட்டில் ஓர் ஆம்பளைக்கும் நேரமில்லை. அதனால் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். திருமங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறோம். மாநகராட்சிக் குழாய் இன்னும் வந்து சேரவில்லை. சொந்தமாக ஒரு போர்வெல், தரைக்குக் கீழே ஒரு சம்ப், மேலே ஒரு டேங்க், அங்கிருந்து வீட்டுக்கு வீடு குழாய். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது என் வேலை.

அதில் எனக்கு இருந்த திமிரைச் சொல்லியாக வேண்டும். சோதனைக்கு முதல் நாளே டேங்கைக் கழுவ வைப்பேன். அன்று காலையில் ப்ளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கரைத்து ஊற்றச் சொல்வேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்கித் துடைக்க மாட்டோமா, அப்படித்தான் நினைத்தேன். மற்ற நாட்களில் பவுடர் போட்டார்களா என்று கேட்டதுகூட இல்லை. ஆய்வகத்தில் தரும் பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கும். இவர்கள் சுத்தத்தின் லட்சணத்தைப் பார் என்று திட்டிக்கொண்டே, மூன்று தடவை அலசிவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பேன். அலசாத செம்பில் யாருக்கும் தண்ணீர் கொடுத்துப் பழக்கமில்லாதவள் நான். ஒவ்வொரு தடவையும் ‘குடிக்க உகந்தது’ என்றே வந்தது.

எதிர் வீட்டில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம், புடவை வியாபாரம். அந்த வீட்டு மருமகள் ஏழு மாதம். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், நான் அறிக்கையை ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“காய்ச்சுன தண்ணி குமட்டுதுக்கா. இத அப்படியே குடிக்கலாமா?”

“அதான் எழுதிக் குடுத்திருக்காங்கல்ல. தைரியமாக் குடி. நான் பொறுப்பு.”

மழை கொட்டித் தீர்த்த பிறகு, கார்த்திகையில் அவளுக்குக் கண் மஞ்சளானது. கே.கே. நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அசுத்தமான தண்ணீரால் வருகிற காமாலை, கர்ப்பிணிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதாக அவள் புருஷன் போனில் சொன்னான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எங்கள் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை என்று காட்டுவதற்காக உடனே வண்டியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

பாட்டிலை நீட்டிய பெண், “உள்ள இருக்க தூள அலசிறாதீங்க மேடம்” என்றாள்.

“அழுக்குன்னு இம்புட்டு நாளும் அலசிட்டுத்தானேம்மா பிடிச்சேன்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அது குளோரின முறிக்கிறதுக்குப் போடுறது. அத அலசிட்டா, நீங்க டேங்க்ல போட்ட மருந்து பாட்டிலுக்குள்ளயும் கிருமியக் கொன்னுக்கிட்டே வரும். எங்க கைக்கு வாரப்ப ஒண்ணுமே இருக்காது.”

சோதனை நாளில் மட்டும் மருந்தை அள்ளிக் கொட்டியதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பாட்டிலை அலசாமல், டேங்கிலும் ஒன்றும் போடாமல், தினமும் எல்லோரும் குடிக்கிற தண்ணீரை அப்படியே பிடித்துக் கொடுத்தேன். கழிவுநீர்க் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. சம்பை இறைத்துப் பார்த்தோம். செப்டிக் டேங்க் பக்கத்துச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. வால்வை மூடச் சொல்லிவிட்டு, குடிக்காதீர்கள் என்று வீடு வீடாக ஏறிச் சொன்னேன். பாட்டில் விஷயத்தை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் மழை மேல் பழி போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கே குழந்தை வயிற்றுக்குள் இறந்துபோனது. இவளையாவது விட்டு வை தாயே என்று மீனாட்சியிடம் கெஞ்சினேன். என்ன முகத்தோடு கெஞ்சினேனோ தெரியவில்லை.

அவள் பிழைத்தாள். நாலு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். கட்டிலோரம் அவள் மாமியார் தங்கள் மொழியில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதில் ‘பானிபூரி’ என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினார்.

“வாயக் கட்டத் தெரியல இவளுக்கு. ரோட்டுல நின்னு கண்டதையும் தின்னு, பிள்ளையவும் முழுங்கிட்டா.”

“ஒரே ஒரு தடவதான் அத்தை” என்று அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். நாலு நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

“பானிபூரி இல்லம்மா” என்றேன் மாமியாரிடம். “நம்ம தண்ணி. சம்புல சாக்கடை கலந்திருக்கு. டெஸ்டுக்கு எடுக்கிற அன்னைக்கு மட்டும் மருந்தப் போட்டு, பாட்டிலயும் அலசி, நல்ல தண்ணின்னு எழுதி வாங்குனது நான். காய்ச்ச வேணாம்னு இவகிட்டச் சொன்னதும் நாந்தான்.”

மாமியார் வாயில் புடவைத் தலைப்பை அழுத்திக்கொண்டார். அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் மஞ்சள் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

“அப்ப, என்னால இல்லையாக்கா?”

“உன்னால இல்லம்மா.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.