பிலிமத்தலாவைத் தாத்தா யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அண்ணன் மகள் தர்ஷினி போன் பண்ணினாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"அத்தை, பிரசாத் எனக்கு மாமாவா, சித்தப்பாவா?"

பிரசாத் வேறு யாருமில்லை, அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையன்! இரண்டு பேரும் ஒரே வங்கியில் வேலை செய்து பழகியவர்கள். பெற்றவர்களும் சம்மதித்தாயிற்று. இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது?

கேட்க வேண்டியதாகத்தான் போயிற்று. முதல் நாள்தான் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் அண்ணன் வீட்டுக்குப் பையன் வீட்டார் வந்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. வடை கூட நன்றாக வந்திருந்தது. எல்லாம் இவ்வளவு சரியாகப் போனால் அது எங்கள் வீடே இல்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பையனின் அப்பா செல்வராஜ் — கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர் — டீ கப்பைக் கீழே வைத்துவிட்டுப் பழைய கதையை எடுத்தார்.

"எங்க தாத்தா வெள்ளைச்சாமி, அப்பாவைப் பெத்தவரு, அந்தக் காலத்துல பிலிமத்தலாவையிலதான் கடை வச்சிருந்தாரு."

பாலு அண்ணனின் முகம் செத்துப்போயிற்று.

ஏனென்றால் எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை வாய் ஓயாமல் சொன்ன கதை ஒன்று உண்டு. "நான் பிலிமத்தலாவைத் தாத்தா வீட்லதான் பொறந்தேன். தாத்தாதான் என்னைய மொதல்ல கையில வாங்குனாங்க. தாத்தா இல்லேன்னா நானே இல்ல."

அப்பாவின் தாத்தாவும் செல்வராஜின் தாத்தாவும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால் எந்த வழித் தாத்தா? அப்பாவைப் பெற்றவரின் அப்பா என்றால் நாங்கள் பங்காளிகள். பிரசாத் தர்ஷினிக்குச் சித்தப்பா முறை — கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. அப்பாவின் அம்மாவைப் பெற்றவர் என்றால் பிரசாத் மாமன் முறை — தாராளமாக மேளம் கொட்டலாம். ஒரே தாத்தா, இரண்டு தலையெழுத்து.

"விளங்குற வரைக்கும் நிச்சயதார்த்தம் வேணாம்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். செல்வராஜும் தலையை ஆட்டினார். தர்ஷினி போனில் அழுதாள். "இவ்வளவு நாள் பழகிட்டு, இனி அவரைச் சித்தப்பான்னு கூப்பிடச் சொல்றீங்களா அத்தை?"

யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் சொல்லக் கூடியவர்களில் பாதிப்பேர் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மீதிப்பேர் அதைவிடத் தூரத்துக்குப் போய்விட்டார்கள். தாத்தா யார் என்று நிரூபிப்பது எங்கள் ஆட்களுக்குப் புது வேலையும் இல்லை. சுதந்திரம் கிடைத்த கையோடு, குடியுரிமைக்காக எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதானே!

அண்ணன் பிறப்பு இறப்பு பதியும் கந்தோருக்கு ஓடினார். அண்ணனின் சிங்களம் உங்களுக்குத் தெரியாது... எனக்குத் தெரியும். அங்கிருந்த பெண்ணிடம் போய், "தாத்தாகே நம வெள்ளைச்சாமி" என்றிருக்கிறார். தாத்தா பெயர் வெள்ளைச்சாமி என்று சொன்னதாக இவர் நினைப்பு. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அந்தப் பெண் பாவம், வெள்ளைச்சாமி மகனாகப் பிறந்த பிள்ளையை மத்தியானம் வரை தேடிவிட்டு, அப்படி ஒரு பிள்ளையே பிறக்கவில்லை என்று அனுப்பிவிட்டார். எங்கள் அப்பாவே பிறக்கவில்லையாம்!

மறுநாள் நானே போனேன். அப்பாவின் பிறப்புப் பதிவின் போட்டோ கொப்பி கிடைத்தது. பிறந்த இடம் பிலிமத்தலாவை. தகவல் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. 'வீட்டில் குடியிருப்பவர்' என்ற குறிப்பும், அதன் கீழே ஒரு கோணல்மாணல் கையெழுத்தும் மட்டும் தப்பியிருந்தன.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "பாரு, மொத எழுத்து 'வெ' மாதிரி இல்ல?"

"மாதிரிதான் இருக்கு" என்றேன். முதலில் இல்லை. பார்க்கப் பார்க்க இருந்தது. மனசு பயந்துவிட்டால் கண் எதைத்தான் படிக்காது?

அன்று சாயங்காலம் ஃபரீதா டீச்சர் பேசினார். நானும் அவரும் ஒரே ஸ்கூலில் ஒன்றாகப் படிப்பித்தவர்கள். "நாளைக்கு உங்கட பக்கம் வாறன். எங்கட தாத்தாவும் கூட வாறாங்க."

டீச்சரின் தாத்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு மூத்தவர், நல்ல வட்டிலப்பம் செய்வார்... போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

கண்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. தெரியும். தினமும் கேட்கிற சொல். ஆனால் என் அப்பா வாயிலிருந்து வந்த சொல்லை அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவும் காட்டிக்கொடுக்கவில்லை. 'வந்தாங்க, வாங்குனாங்க' என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் மரியாதையில் ஆண் ஏது, பெண் ஏது?

மறுநாள் டீச்சர் கொப்பியைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டார். "அல்லாஹ்வே! இத இந்தப் பக்கத்தால வாசிச்சா எப்பிடி? வலப்பக்கத்தால வாசிக்கோணும். அரபு எழுத்துல எழுதின தமிழ். அந்தக் காலத்துப் பொம்பளையள் இப்பிடித்தான் எழுதினது. ஜெய்னம்பு."

நாங்கள் இடமிருந்து படித்துத்தான் வெள்ளைச்சாமியைக் கண்டுபிடித்திருக்கிறோம்!

டீச்சர் தன் சொந்தக்காரர்களிடம் விசாரித்தார். ஜெய்னம்புவின் மகள் நஸீமா இன்னும் பிலிமத்தலாவையில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. அண்ணனும் நானும் போனோம். அப்பாவின் வயதுதான் அவருக்கும். அப்பா பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட அப்பாட உம்மாக்குப் பக்கத்துல ஆருமில்ல. எங்கட உம்மாவத் தாத்தா தாத்தாண்டு கூப்புடுவாவாம். பிள்ளை கிடைச்ச ஒடனே அவவுக்குக் கடும் காய்ச்சல், பால் இல்ல. எங்கட உம்மா எனக்கும் அவருக்கும் ஒண்டாப் பால் குடுத்த. எங்கட மொறைப்படி அவர் எனக்குக் கூடப்பிறந்தவர்தான்."

வெள்ளைச்சாமியைப் பற்றி அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைக்காரர் வெள்ளைச்சாமியா? அவர் உங்களுக்குச் சொந்தமா? தெரியாத ஊருல வந்து பிள்ளை பெறுறதாப் போச்சேண்டு உங்கட அப்பாட உம்மா அழுதாவாம். சொந்தக்காரர் ரெண்டு கடை தள்ளி இருந்தா எங்கட வீட்டுக்கு ஏன் வரோணும்?"

அண்ணன் வாசலுக்கு வந்து தர்ஷினிக்குப் போன் போட்டார். பெயரைக் கூப்பிட்டதோடு போனை என்னிடம் நீட்டிவிட்டார். நான்தான் வாங்கிச் சொன்னேன்: "மாமாவும் இல்ல, சித்தப்பாவும் இல்ல. வெறும் பிரசாத்." அந்தப் பக்கம் அவள் அழுதாள். இந்தப் பக்கம் நானும்தான், அது வேறு காரணத்துக்கு. அப்பா இருந்தபோது அந்தத் தாத்தாவைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாமே...

குழப்பம் தீர்ந்ததா? எங்கே! அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் என்றால் நஸீமா எனக்கு அத்தை. டீச்சரின் பாஷையில் மாமி. கல்யாணப் பத்திரிகையில் அத்தையைச் சேர்த்தாயிற்று. பாட்டனார் வரிசையில் ஜெய்னம்பு பெயரும் வரவேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். என்ன உறவு என்று போடுவது? அப்பா கூப்பிட்டபடியே போடச் சொன்னேன்.

நேற்று அச்சகத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். "மேடம், ஒரு எடத்துல பிழை இருக்கு போல. 'ஜெய்னம்பு — தாத்தா'ன்னு வந்திருக்கு. பொம்பளப் பேரு மாதிரி இருக்கே?"

"பிழையில்லை தம்பி, அப்படியே அடிங்க."