டீச்சரின் தோள்

பெருங்களத்தூரில் பிசியோதெரபிக்குப் போன நாட்களில் அந்த டீச்சரைச் சந்தித்தேன். எனக்கும் அவருக்கும் ஒரே தொல்லை, ஃப்ரோஸன் ஷோல்டர். தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிடும். வலிக்கிறதென்று கையை அசைக்காமல் வைத்திருந்தால் இன்னும் இறுகும். அதனால் சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே ஏற்றிப் பழக வேண்டும்.

ஒல்லியான உடம்பு, இழுத்துப் பின்னிய நரைத்த சடை. வகுப்புப் பிள்ளைகளை அதட்டுவதுபோல் தன் விரல்களை அதட்டுவார்: "ஏறு, ஏறு, அழக்கூடாது."

ஒரு நாள் அவருடைய விரல்கள் தலைக்கு மேலே வெகு உயரம் போய்விட்டன.

"இனிமே நீங்களே தலை பின்னிக்கலாம் டீச்சர்" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் மருமக வருவா, அவகிட்ட சொல்லிடாதீங்க. கை தூக்க முடியாம போனதுலேருந்து அவதான் பின்னி விடறா. அதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள பேச்சே கிடையாது. இப்ப பின்னிக்கிட்டே ஆபீஸ் கதையெல்லாம் சொல்றா."

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மருமகள் நின்றிருந்தாள். டீச்சர் சட்டென்று கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"கை எப்படி இருக்கு அத்தை?"

"இன்னும் மேல போக மாட்டேங்குதும்மா."

"அவசரமே இல்ல அத்தை, மெதுவா சரியாகட்டும்" என்றவள், ஹெல்மெட்டை எடுத்துத் தானே மாமியாரின் தலையில் மாட்டிவிட்டாள். ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

அவள் எவ்வளவு நேரமாக அந்தக் கதவருகே நின்றிருந்தாள் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.