டேரியஸ் சொன்னது பொய்

குன்னத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு வந்த செங்கமலம், நாற்பத்து நான்கு வயதில் அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தாள். ஞாயிறு தவறாமல் பெரம்பலூர் வகுப்புக்கு பஸ் ஏறிவிடுவாள். கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது பாரசீகப் பேரரசன் டேரியஸின் வாழ்க்கையை.

"நம்ம பக்கத்துலயே சோழர் கோயில் எத்தனை கெடக்கு. அதை விட்டுட்டு ஈரானுக்குப் போறீங்களே," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் அமல்தாஸ்.

"கோயிலைப் பத்தி எழுத நெறய பேரு இருக்காங்க சார்."

மகள் இலக்கியாவின் லேப்டாப்பில் ஆறு மாதம் படித்தாள். டேரியஸ் போட்ட சாலை, வெட்டிய கால்வாய், வகுத்த வரிமுறை எல்லாவற்றையும் மதிப்போடுதான் எழுதினாள். பெஹிஸ்தூன் மலையில் அவன் வெட்டி வைத்த கல்வெட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. தனக்கு முன் அரியணையில் இருந்தவன் உண்மையான இளவரசனே இல்லை, வேஷம் போட்டு வந்த பூசாரி, அதனால் கொன்றேன் என்கிறான் டேரியஸ். எதிர்த்தவர்கள் எல்லாருமே பொய்யர்களாம். அவர்கள் தரப்பைச் சொல்ல அந்த மலையில் ஒரு வரி இல்லை.

செங்கமலத்தின் கணவன் அரியமுத்து சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்தவன். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதினார்கள். எழுதியது, வேண்டாம் என்றவனை உள்ளே இறக்கிவிட்ட அதே ஆட்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தத் தாளை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆய்வேட்டில், 'டேரியஸ் சொன்னது பொய்' என்று எழுதினாள்.

"பொய்யா இருக்கலாம்னு மாத்துங்கம்மா. ஆராய்ச்சியில அப்புடித்தான் எழுதணும்," என்றார் அமல்தாஸ்.

"அவரு 'இருக்கலாம்'னா சார் கல்லுல வெட்டுனாரு?"

திருத்தச் சொல்லி ஆய்வேடு திரும்பி வந்தது. அந்த வரியை அவள் தொடவில்லை. கொல்லப்பட்டவனை அரசனாகவே ஏற்று, அவன் ஆட்சியாண்டைப் போட்டு பாபிலோன்காரர்கள் அந்தக் காலத்திலேயே எழுதிய களிமண் ஏடுகளைப் பற்றிப் பதினோரு பக்கம் புதிதாகச் சேர்த்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பக்கங்களை நிதானமாகப் படித்தார்.

"வாதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிஞ்ச முடிவா சொல்ல இது பத்தாது. அந்த ஒரு வரியைத் தளர்த்துனா முதல் வகுப்பு போட்டுடலாம்."

"ரெண்டாம் வகுப்பே போடுங்க சார்."

அவர் அமல்தாஸைப் பார்த்தார். "அவங்க மாத்த மாட்டாங்க சார், நான் கேட்டுப் பாத்துட்டேன்," என்றார் அமல்தாஸ்.

இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது. செங்கமலம் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆய்வேட்டில் தனக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு, ரெண்டு மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.